யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4: கஜானா ஏன் காலியாகிறது, பக்கத்து நாடுகள் ஏன் முறைக்கின்றன?

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 என்ற கணினி வியூக விளையாட்டை ஆடத் தொடங்குபவர்கள் சுற்றிச் சுற்றிக் கேட்பது இரண்டே கேள்விகள்தான். மாதா மாதம் கணக்கு சிவப்பில் நிற்கிறதே, காசு எங்கே போகிறது? ஒரு சின்ன நாட்டைத்தானே பிடித்தேன், அதற்கு ஏன் சுற்றியிருக்கிற எல்லாரும் சேர்ந்து என்மேல் பாய்கிறார்கள்? இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள் போலத் தெரியும், ஆனால் என் பார்வையில் வேர் ஒன்றுதான்: உங்கள் நாடு தாங்கக்கூடிய வேகத்தைவிட நீங்கள் வேகமாகப் போகிறீர்கள். அந்த வேகத்துக்கு எல்லை வைப்பது படைபலம் இல்லை, கஜானாவும் அண்டை நாடுகளின் மனநிலையும்தான். இதைப் புரிந்துகொண்டால் திரையில் தெரியும் நூறு பொத்தான்களில் எண்பதை முதல் ஆட்டத்தில் தொடவே வேண்டாம்.

ஆட்டம் 1444 நவம்பர் 11 அன்று தொடங்கி 1821 வரை போகும். அந்தத் தொடக்க நாள் சும்மா தேர்ந்தெடுத்ததல்ல. அதற்கு முந்தைய நாள்தான் வர்ணா போர் நடந்தது. ஒட்டோமான்கள் வென்றார்கள், போலந்துக்கும் ஹங்கேரிக்கும் ஒரே அரசராக இருந்த மூன்றாம் விளாதிஸ்லாவ் களத்திலேயே இறந்துபோனார். அதனால்தான் போலந்தை எடுத்து ஆடினால் ஆரம்பத்திலேயே அடுத்த அரசர் யார் என்ற கேள்வி வந்து நிற்கும், அதையொட்டி லிதுவேனியாவோடு இணைவதும் வரும். இந்த ஆட்டத்தின் பல விதிகள் இப்படி வரலாற்றிலிருந்து நேராக வந்தவை, காரணம் தெரிந்தால் விதி தானாக மனதில் நிற்கும்.

சரி, முதலில் காசு.

வருமானம் முக்கியமாக வரி, உற்பத்தி, வணிகம் என்ற மூன்று வழியில் வரும். சில நாடுகளுக்குத் தங்கச் சுரங்கம் நாலாவது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் டெவலப்மென்ட் என்று ஒரு எண் இருக்கும், அது மூன்று பகுதிகள் சேர்ந்தது: வரி, உற்பத்தி, ஆள்பலம். வரிப் பகுதியில் ஒரு புள்ளி இருந்தால் அடிப்படையாக வருஷத்துக்கு ஒரு டுகாட் (ஆட்டத்தின் நாணயம்) வரும். மாதத்துக்கு இல்லை, வருஷத்துக்கு. புதியவர்கள் நிறையப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள், பத்துப் புள்ளி உள்ள மாகாணத்தைப் பிடித்துவிட்டு வருமானம் ஏன் துளிகூட ஏறவில்லை என்று கேட்பார்கள். புதிதாகப் பிடித்த மண்ணில் அட்டானமி, அதாவது உங்கள் கைக்கு வராமல் உள்ளூரிலேயே தங்கிவிடும் பங்கு, அதிகமாக இருக்கும். அது மெல்லத்தான் இறங்கும். போர் முடிந்த மறுமாதமே லாபம் கொட்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

செலவுப் பக்கத்தில் பெரிய தலை ராணுவம். அமைதிக் காலத்திலும் முழுப் பராமரிப்பில் படையை வைத்திருப்பதுதான் மாதாந்திர நஷ்டத்துக்கு மிகச் சாதாரணமான காரணம். பொருளாதாரப் பக்கத்தில் ராணுவப் பராமரிப்புக்கு ஒரு ஸ்லைடர் இருக்கிறது, போர் இல்லாதபோது அதைக் கீழே இழுத்துவிடுங்கள். படையின் மன உறுதி குறையும், ஆனால் சண்டையே இல்லாதபோது மன உறுதி எதற்கு? ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: போர் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே ஸ்லைடரை மேலே தள்ளிவிட வேண்டும், ஏனென்றால் மன உறுதி ஒரே நாளில் திரும்பி வராது. பக்கத்தில் ஆபத்தான எதிரி இருந்தால் அடிமட்டத்துக்கு இறக்காமல் பாதியில் நிறுத்துவது நல்லது. அடுத்து கோட்டைகள். எல்லைக்கு வெகு உள்ளே இருக்கும் கோட்டையை அமைதிக் காலத்தில் தூங்க வைக்கலாம், செலவு குறையும். படை எண்ணிக்கை போர்ஸ் லிமிட்டை, அதாவது உங்கள் நாடு தாங்கக்கூடிய படை அளவை, தாண்டினால் பராமரிப்புச் செலவு எகிறும், அந்த வரம்பைத் தாண்டாமல் இருங்கள்.

ஆலோசகர்களை வேலையைவிட்டு அனுப்பிச் செலவைக் குறைக்கலாமா என்பது அடுத்து வரும் கேள்வி. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: கடைசி வழியாக மட்டும் செய்யுங்கள். இந்த ஆட்டத்தில் டுகாட்டைவிட அரிதானது அரசர் புள்ளிகள். நிர்வாகம், ராஜதந்திரம், ராணுவம் என்று மூன்று வகை. ஒவ்வொன்றிலும் மாதத்துக்கு அடிப்படையாக 3 புள்ளி வரும், அதோடு அரசரின் திறமை 0 முதல் 6 வரை சேரும், ஆலோசகரின் நிலையும் சேரும். அரசர் சுத்தமாகத் திறமையே இல்லாதவராக இருந்தால், நிலை 1 ஆலோசகர் ஒருவர் அந்த வகை வருமானத்தை 3-லிருந்து 4 ஆக்குகிறார், அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். இவ்வளவு மலிவான முதலீடு ஆட்டத்தில் வேறு இல்லை. அதற்காக ஆரம்பத்திலேயே நிலை 3 ஆட்களைத் தேடிப் போகாதீர்கள், நிலை ஏற ஏறச் சம்பளம் பல மடங்காகக் கூடும், சின்ன நாட்டின் முதுகை அது முறித்துவிடும். மூன்று வகைக்கும் மூன்று நிலை 1 ஆட்கள், நாட்டுக்குப் பொருந்தும் திறமையோடு, போதும். இன்னொன்று, முதல் நாளே எஸ்டேட் (நாட்டின் செல்வாக்குள்ள சமூகப் பிரிவுகள்) பக்கத்தைத் திறந்து பாருங்கள். மதகுருக்கள், பிரபுக்கள், வணிகர்கள் ஆகிய மூவருக்கும் மாதம் ஒரு புள்ளி கூடுதலாகத் தரும் ஒரு சலுகை உண்டு. மதகுருக்கள் நிர்வாகப் புள்ளி, வணிகர்கள் ராஜதந்திரப் புள்ளி, பிரபுக்கள் ராணுவப் புள்ளி. அவர்களின் செல்வாக்கு ஏறும் என்பது உண்மைதான், ஆனால் ஆட்டத்தின் முதல் நூறு வருஷத்தில் அந்தப் புள்ளிகள் தரும் பலன் அதைவிடப் பெரிது.

கட்டடங்கள் விஷயத்தில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு ஆலயம் கட்ட 100 டுகாட், அது அந்த மாகாணத்தின் வரியை 40 சதவீதம் கூட்டும். மாகாணத்தின் வரிப் புள்ளி 5 என்றால் வருஷத்துக்கு 2 டுகாட் கூடுதல், போட்ட காசு திரும்பி வர 50 வருஷம். வரிப் புள்ளி 10 என்றால் 25 வருஷம். புள்ளி 2 அல்லது 3 உள்ள மலையடிவார மாகாணத்தில் அதே ஆலயத்தைக் கட்டினால் லாபம் பார்க்கவே ரொம்ப காலம் ஆகும். அதனால் "எல்லா இடத்திலும் கட்டு" என்ற யோசனையை விட்டுவிட்டு, டெவலப்மென்ட் அதிகமான, அட்டானமி குறைவான மாகாணத்திலிருந்து ஆரம்பியுங்கள். உற்பத்திக்கான பட்டறையும் இதே கதைதான், அங்கே உற்பத்தியாகும் சரக்கின் விலையையும் சேர்த்துப் பாருங்கள். 500 டுகாட் கேட்கும் பெரிய ஆலைகள் நீண்ட காலத்தில் அருமையானவை, ஏனென்றால் கூடுதல் சரக்கு உற்பத்தி வருமானத்தோடு வணிகத்தையும் சேர்த்தே உயர்த்தும். முதல் ஐம்பது வருஷத்துக்கு மட்டும் அவற்றை மறந்துவிடலாம்.

இப்போது வணிகம். எல்லோரும் பயப்படும் பகுதி, ஆனால் அடிப்படை எளிது. உலகம் டிரேடு நோடுகளாக, அதாவது வணிகச் சந்திப்புகளாக, பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு நோடிலும் சுற்றியுள்ள மாகாணங்களின் சரக்கு மதிப்பு வந்து சேரும், பிறகு அது அம்புக்குறி காட்டும் திசையில் அடுத்த நோடுக்கு ஓடும். திசை மாறவே மாறாது. ஆறு போல நினைத்துக்கொள்ளுங்கள்: மேலே இருப்பவர் தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம் அல்லது கீழே விடலாம், மேலே ஏற்ற முடியாது. ஆங்கிலக் கால்வாய், ஜெனோவா, வெனிஸ் ஆகிய மூன்றும் கடைசி நோடுகள், அங்கிருந்து எதுவும் வெளியே போகாது. அதனால்தான் அந்த மூன்றின் கரையில் இருக்கும் நாடுகள் ஆட்டம் முழுக்கப் பணக்கார நாடுகளாக இருக்கின்றன.

உங்களுக்குக் கிடைக்கும் பங்கை நிர்ணயிப்பது அந்த நோடில் உங்களுக்கு உள்ள டிரேடு பவர், அதாவது வணிக பலம். அது மாகாணங்களிலிருந்தும், குறிப்பாகத் துறைமுகம், ஆற்றுமுகம் போன்ற வணிக மையங்களிலிருந்தும், ரோந்து போகும் இலகு கப்பல்களிலிருந்தும் வரும். மெர்ச்சன்ட்டை, அதாவது நோடுகளுக்கு நீங்கள் அனுப்பும் வணிகரை, என்ன செய்வது? சொந்த நோடில், அதாவது உங்கள் முக்கிய வணிக நகரம் இருக்கும் நோடில், வருமானம் தானாகவே சேகரிக்கப்படும், அதற்கு மெர்ச்சன்ட் கட்டாயம் இல்லை, வைத்தால் கொஞ்சம் கூடுதல் கிடைக்கும். வேறு நோடில் உட்கார்ந்து சேகரித்தால் அங்கே உங்கள் டிரேடு பவர் பாதியாகக் குறைந்துவிடும், அதனால் பெரும்பாலும் மேல்நோடில் மெர்ச்சன்ட்டை வைத்து மதிப்பை உங்கள் சொந்த நோடு பக்கம் திருப்பிவிடுவதே சரி. ஒட்டோமான்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களின் சொந்த நோடு கான்ஸ்டான்டிநோபிள். அலெப்போவிலிருந்து வரும் மதிப்பு கான்ஸ்டான்டிநோபிள் பக்கமும் போகலாம், அலெக்சாண்ட்ரியா பக்கமும் போகலாம். அலெப்போவில் ஒரு மெர்ச்சன்ட் உங்கள் பக்கம் திருப்பிவிட்டால், அந்தப் பிரதேசத்தில் நீங்கள் பிடிக்கும் ஒவ்வொரு ஊரும் இரண்டு மடங்கு பயன் தரும்: அதன் வரி ஒரு பக்கம், திருப்பும் பலம் இன்னொரு பக்கம். எந்தத் திசையில் படையெடுப்பது என்ற முடிவைக்கூட இந்த அம்புக்குறிகளைப் பார்த்து எடுக்கலாம். சொந்த நோடுக்கு மேலே உள்ள நிலம் எப்போதும் மதிப்பு கூடியது.

கடன் வாங்கலாமா? வாங்கலாம், பயப்பட வேண்டாம். அடிப்படை வட்டி வருஷத்துக்கு 4 சதவீதம், தவணை 5 வருஷம். ஒரு போரை வென்று முடிக்க ஆறு மாதம் குறைகிறது என்றால் கடன் வாங்கி முடித்துவிட்டு, சமாதானப் பேச்சில் நிலத்தோடு பணமும் கேட்டு வாங்கி அடைத்துவிடலாம். அந்தப் பணம் கேட்கும் பொத்தானைப் புதியவர்கள் அநியாயத்துக்கு மறந்துபோகிறார்கள். மாதாந்திர நஷ்டத்தை மூடுவதற்காகக் கடன் வாங்குவதுதான் ஆபத்து, அது வட்டியைக் கட்ட இன்னொரு கடன் என்று சுழலில் இழுத்துக்கொண்டு போய்த் திவாலில் முடியும். ஒவ்வொரு கடனும் பணவீக்கத்தை 0.1 சதவீதம் கூட்டும் என்பதையும் மனதில் வையுங்கள். 1 சதவீதப் பணவீக்கம் என்றால் காசு கொடுத்து வாங்கும் கிட்டத்தட்ட எல்லாமே 1 சதவீதம் விலை கூடும். 75 நிர்வாகப் புள்ளி கொடுத்தால் 2 சதவீதம் குறைக்கலாம், ஆனால் அந்தப் புள்ளிகளுக்கு வேறு நல்ல வேலை நிறைய இருக்கிறது.

தங்கச் சுரங்கம் உள்ளவர்களுக்கும் இதே பணவீக்கம் வரும், மொத்த வருமானத்தில் தங்கத்தின் பங்கு கூடக் கூட இதுவும் கூடும். 1545-ல் பொட்டோசியில் வெள்ளி கிடைத்தபிறகு அமெரிக்காவிலிருந்து ஸ்பெயினுக்கு வெள்ளி வந்து குவிந்தது, அந்த நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்கப் பொருள்களின் விலை ஏறிக்கொண்டே போனது. அதைத்தான் ஆட்டம் ஒரு எண்ணாகச் சுருக்கி வைத்திருக்கிறது.

இனி அண்டை நாடுகள்.

போர் தொடங்குவதற்கு முன் ஒரு காரணம் வேண்டும். காரணம் இல்லாமல் இறங்கினால் ஸ்திரத்தன்மை 2 புள்ளி விழும், அதைத் திரும்ப ஏற்ற நிர்வாகப் புள்ளிகள் கொட்ட வேண்டியிருக்கும். எளிய வழி, ஒரு தூதரை அனுப்பி உளவு வலை கட்டுவது. வலை 20 ஆனதும் எல்லையை ஒட்டிய ஒரு மாகாணத்தின்மேல் க்ளெய்ம், அதாவது போருக்குக் காரணமாகும் உரிமைக் கோரிக்கை, உருவாக்கலாம். க்ளெய்ம் 25 வருஷம் நிற்கும், அதனால் ஒரு போர் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த போருக்கான க்ளெய்மைத் தயார் செய்து வைத்துக்கொள்ளலாம். தூதர் சும்மா உட்கார்ந்திருப்பது காசைக் குப்பையில் போடுவதற்குச் சமம்.

போர் அறிவிக்கும் திரையில் யார் யார் எதிரிக்கு உதவிக்கு வருவார்கள் என்று பெயரோடு காட்டும். அதைப் படிக்காமல் பொத்தானை அழுத்தாதீர்கள். மூன்று மாகாணம் உள்ள நாட்டின் பின்னால் ஒரு பெரிய அரசு நின்றுகொண்டிருக்கும். அந்தப் பெரிய அரசு வேறொரு போரில் மாட்டிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து இறங்குவதுதான் அனுபவசாலிகள் செய்வது.

போரில் நிலம் எடுத்தால் சுற்றியுள்ள நாடுகளுக்கு உங்கள்மேல் அக்ரசிவ் எக்ஸ்பான்ஷன் என்ற பெயரில் வெறுப்பு சேரும். நீங்கள் எடுத்த நிலத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும், நிலத்தை இழந்தவர்களின் அதே மதம், அதே பண்பாடு உள்ளவர்களுக்கும் அது அதிகம். ஒரு நாட்டின் மனதில் அது 50-ஐத் தாண்டி, உங்களைப் பற்றிய மொத்த மதிப்பும் எதிர்மறையாக இருந்தால், அது உங்களுக்கு எதிரான கோயலிஷனில், அதாவது கூட்டு அணியில், சேரலாம். சேர்ந்த எல்லோரும் ஒரே நேரத்தில் போருக்கு வருவார்கள், ஒருவர்மேல் கைவைத்தால் அத்தனை பேரும் வருவார்கள். 1508-ல் வெனிஸுக்கு எதிராகப் போப்பும் பிரான்ஸும் ஸ்பெயினும் புனித ரோமப் பேரரசரும் கம்பிரே கூட்டணியில் ஒன்றாக நின்றார்களே, ஒருவரை ஒருவர் நம்பாத அத்தனை பேரையும் சேர்த்தது வெனிஸின் வளர்ச்சிமேல் இருந்த எரிச்சல்தான். அதே தர்க்கம்தான் இங்கேயும்.

இந்த வெறுப்பு அடிப்படையாக வருஷத்துக்கு 2 புள்ளி வீதம் குறையும். அப்படியென்றால் 40 புள்ளி சம்பாதித்த போருக்கு 20 வருஷம் காத்திருக்க வேண்டுமா? வேண்டாம், திசையை மாற்றுங்கள். மறுபடி ஒட்டோமான்களையே பார்ப்போம். அனடோலியாவில் கரமான், சந்தார், துல்காதிர் போன்ற சின்ன நாடுகளை எடுத்தால் கோபப்படுவது பெரும்பாலும் சுற்றியுள்ள முஸ்லிம் அரசுகள். பால்கனில் செர்பியா, போஸ்னியா, அல்பேனியாவை எடுத்தால் கோபப்படுவது கிறிஸ்தவ அரசுகள். ஒரு போர் கிழக்கே, அடுத்த போர் மேற்கே என்று மாறி மாறிப் போனால் ஒரு பக்கத்துக் கோபம் ஆறும்போது மறுபக்கத்தில் வேலை நடக்கும். அதே நேரத்தில் ஒரு தூதரை, ஐம்பதை நெருங்கும் பெரிய அண்டை நாட்டுக்கு அனுப்பி உறவை மேம்படுத்தச் சொல்லுங்கள், மதிப்பு நேர்மறையில் இருக்கும்வரை அவர்கள் கோயலிஷனில் சேர மாட்டார்கள். ஜெர்மனி பகுதியில், அதாவது புனித ரோமப் பேரரசுக்குள், இது எதுவும் எளிதாக வேலை செய்யாது. ஒரு மாகாணத்தைச் சுற்றி பத்துச் சின்ன நாடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், மேலே பேரரசர் வேறு. முதல் ஆட்டத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை.

ஒரே சமாதானத்தில் எவ்வளவு எடுப்பது என்பதற்கு இன்னொரு கடிவாளமும் உண்டு. பிடித்த மாகாணத்தை நிர்வாகப் புள்ளி கொடுத்து கோர் (உங்களுக்கே உரிய மண்) ஆக்கும்வரை அது ஓவர் எக்ஸ்டென்ஷனில், அதாவது அளவுக்கு மீறி விரிந்ததைக் காட்டும் எண்ணில், கணக்காகும். 100 சதவீதத்தைத் தாண்டினால் கலகங்களும் மோசமான நிகழ்வுகளும் வரிசையாக வரும். அதனால் போர் முடிக்கும் முன் கையில் எவ்வளவு நிர்வாகப் புள்ளி இருக்கிறது என்று பாருங்கள். ஆலோசகர்களை அனுப்பாதீர்கள் என்று மேலே அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

நட்பு நாடுகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? உறவு வைத்துக்கொள்ள அடிப்படையாக 4 இடங்கள்தான். கூட்டணி, வசால் (உங்களுக்குக் கீழ்ப்பட்ட நாடு) எல்லாம் அதில் இடம் பிடிக்கும், தாண்டினால் ஒவ்வொரு கூடுதல் உறவுக்கும் மாதம் ஒரு ராஜதந்திரப் புள்ளி போகும். ஆகவே கேட்கிற எல்லோரோடும் கூட்டணி வைக்காதீர்கள், குட்டி நாடுகளின் கூட்டணி உங்களைத் தேவையில்லாத போர்களுக்கு இழுத்துக்கொண்டு போவதற்குத்தான் பயன்படும். உங்களுக்கு எதிரியாக இருப்பவருக்கும் எதிரியாக இருக்கும் ஒரு பெரிய நாட்டைத் தேடுங்கள், ஒரே எதிரி இருந்தால் கூட்டணிக்கு அவர்கள் சம்மதிக்கும் வாய்ப்பு கூடும். நிலத்தின்மேல் அவர்களுக்கும் உங்களுக்கும் ஒரே ஆசை இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் அந்த நட்பு நீடிக்காது. உங்களைத் தாக்கினால் நண்பர் வருவார். நீங்கள் தாக்கப் போகும்போது அவர் வர வேண்டுமென்றால் அவரிடம் 10 ஃபேவர் (நன்றிக்கடன் புள்ளி) சேர்த்திருக்க வேண்டும், அல்லது நிலம் தருவதாக வாக்குக் கொடுக்க வேண்டும். வாக்குக் கொடுத்துவிட்டு நிலம் தராமல் போனால் நம்பிக்கை சரியும், சரிந்த நம்பிக்கையை மீட்க ரொம்ப காலம் ஆகும்.

ரைவல், அதாவது போட்டியாளர், என்று மூன்று நாடுகளைக் குறிக்கச் சொல்லும். அதைக் காலியாக விடாதீர்கள். குறித்துவிட்டு அவர்களுக்கு வணிகத் தடை விதித்தும் போரில் வென்றும் வந்தால் பவர் புரொஜெக்ஷன், அதாவது உங்கள் வல்லமையைக் காட்டும் எண், ஏறும், 50-ஐத் தொட்டால் மூன்று வகை அரசர் புள்ளியும் மாதம் ஒன்று கூடும். கிடைக்கும் பட்டியலில் உங்களால் அடிக்க முடிந்தவர்களையே தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக வசால்கள், புதியவர்கள் குறைவாக மதிப்பிடும் கருவி. ஒரு சின்ன நாட்டை முழுதாக விழுங்குவதற்குப் பதிலாக வசாலாக ஆக்கிக்கொண்டால் ஓவர் எக்ஸ்டென்ஷன் கிடையாது, நிர்வாகப் புள்ளியும் மிச்சம். அந்த நாடு முன்பு இழந்த நிலம் வேறொருவர் கையில் இருந்து, அதன்மேல் அதற்கு இன்னும் கோர் இருந்தால், அதை மீட்டுக் கொடுக்கும் போரில் உங்களுக்குச் சேரும் வெறுப்பு வழக்கமானதில் கால் பங்குதான். பத்து வருஷம் கழிந்து, உறவு 190-ஐத் தொட்டதும், ராஜதந்திரப் புள்ளி கொடுத்து அமைதியாக இணைத்துக்கொள்ளலாம். அவர்களின் சுதந்திர வேட்கை 50 சதவீதத்தைத் தாண்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், தாண்டிவிட்டால் போருக்குக் கூப்பிட்டாலும் உருப்படியாக உதவ மாட்டார்கள், உங்கள் எதிரிகளிடம் விடுதலைக்கு ஆதரவு தேட ஆரம்பித்துவிடுவார்கள்.